முகச்சருமப் பராமரிப்பு: பாகான் டாலாம் வெயிலுக்கும் தமிழர் நிறத்துக்கும் ஏற்ற முறை

தமிழர் முகத்தில் கவலையோடு கவனிக்கப்படும் குறைகளில் பெரும்பாலானவை நிறத்தால் வந்தவை அல்ல. எப்போதோ ஒரு பருவோ, கீறலோ, ஒவ்வாத களிம்போ சருமத்தை அழலச் செய்து, அந்த அழற்சி ஆறிய பிறகும் ஆறாமல் தங்கிவிட்ட கறைகளே அவை. இந்த வேறுபாட்டை உணர்ந்துகொள்ளாமல் நிறத்தையே நோயாகக் கருதி மருந்து தேடுவோர், வெளுப்பதற்காகப் பூசும் பொருளால் சருமத்தை மீண்டும் அழலச் செய்து, முன்பைவிட ஆழமான கறையைப் பெறுகின்றனர். எனவே இந்த அத்தியாயத்தில் கூறப்படும் எல்லா முறைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: முகத்தை எரிச்சலூட்டும் எதுவும் முகத்தைக் கறுக்கச் செய்யும்.

இதன் காரணத்தைச் சருமத்தின் அமைப்பே விளக்கும். மேல்தோலின் அடியடுக்கில் உள்ள நிறமிச் செல்கள் மெலனின் என்னும் நிறமியைச் செய்து, அதைச் சிறு பொதிகளாக அண்டைச் செல்களுக்கு வழங்குகின்றன. வெள்ளையருக்கும் தமிழருக்கும் இச்செல்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. பொதிகளின் அளவிலும் பரவலிலும் செல்களின் சுறுசுறுப்பிலுமே வேறுபாடு உள்ளது. அமெரிக்கச் சரும மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-இல் வகுத்து, பின்னர் ஆறு வகையாக விரிவுபெற்ற சரும வகைப்பாட்டில் தமிழர் பெரும்பாலோர் நான்காம் வகையிலிருந்து ஆறாம் வகைக்குள் அடங்குவர். இவ்வகைச் சருமம் வெயிலில் எளிதில் வேகாது, சுருக்கம் தாமதமாகவே விழும், சருமப் புற்றுநோயின் அபாயமும் குறைவு. ஆனால் சிறு காயத்துக்கும் மிகையாக நிறமியைச் சுரந்துவிடும். இவ்வாறு தோன்றும் கறை மேல்தோலோடு நின்றால் சில மாதங்களில் மங்கும். நிறமி உட்தோலுக்குள் இறங்கிவிட்டால் மறைய ஆண்டுகள் ஆகலாம். முன்னது பழுப்பாகவும் பின்னது சாம்பல் கலந்த நீலச்சாயலுடனும் தெரிவதால், பயிற்சி பெற்ற கண் இரண்டையும் ஓரளவு பிரித்தறியும்.

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்கு நேர் எதிரே, நீரிணையின் மறுகரையில், பட்டர்வொர்த்தின் துறைமுகத்தையும் ஃபெரி முனையத்தையும் ஒட்டி அமைந்துள்ள பாகான் டாலாமில் இந்த இயல்புக்குச் சூழலும் துணைசேர்கிறது. ஆண்டு முழுவதும் 30 பாகை செல்சியசைத் தாண்டும் நண்பகல் வெப்பம், காற்றில் எந்நேரமும் தங்கியிருக்கும் ஈரம், மோட்டார்சைக்கிள் தலைக்கவசத்துக்குள் ஊறும் வியர்வை, அருகிலுள்ள பிறை நகரத் தொழிற்பேட்டைகளின் குளிரூட்டப்பட்ட கூடங்களில் எட்டு மணி நேரம் காயும் முகம், சில ஆண்டுகளில் வந்து கவியும் புகைமூட்டம் ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் சந்திக்கும் சருமத்துக்குக் குளிர்நாட்டு இதழ்களின் அறிவுரை பாதியளவே பொருந்தும்.

வெயில் உச்சத்துக்கு வரும் நேரம்

காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை வெயிலைத் தவிர்க்க வேண்டும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் விதி. சூரியன் பன்னிரண்டு மணியளவில் உச்சிக்கு வரும் ஊர்களுக்கு அது சரி. தீபகற்ப மலேசியாவின் கடிகாரமோ 1982-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டு, கிரீனிச் நேரத்தைவிட எட்டு மணி நேரம் முந்தியதாக அமைக்கப்பட்டது. அந்த நேரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. பட்டர்வொர்த் இருப்பதோ ஏறக்குறைய 100 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒன்றேகால் மணியை ஒட்டியே நிகழும். பருவத்துக்கேற்ப கால் மணி நேரம் முன்பின் ஆகலாம். ஆகவே இவ்வூரில் கடும் வெயில் நேரம் என்பது பதினொன்று முதல் மூன்றரை வரை. இரண்டு மணிக்கு வெயில் தணிந்துவிட்டதாக எண்ணிப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் புறப்படும் தாய், உண்மையில் உச்சி வெயிலிலேயே செல்கிறார். மேகமற்ற நண்பகலில் இவ்வட்டாரத்தின் புற ஊதாக் கதிர்க் குறியீடு, உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் மிகக் கடுமையானது என வகைப்படுத்தப்படும் 11 என்ற அளவை எளிதில் கடக்கிறது; அதே அளவுகோலின்படி 3-இலிருந்தே பாதுகாப்புத் தேவை.

புற ஊதாக் கதிர்களில் சருமத்தை எட்டுபவை இருவகை. பி-வகை மேல்தோலைச் சுடும். ஏ-வகை ஆழமாக ஊடுருவி, நிறமியைத் தூண்டி, சருமத்தின் இழைகளைத் தளர்த்தும். சாதாரணச் சன்னல் கண்ணாடி பி-வகையைத் தடுத்தாலும் ஏ-வகையில் பெரும்பகுதியை உள்ளே விடும். இருபத்தெட்டு ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய ஓர் அமெரிக்க ஓட்டுநரின் நிழற்படம் 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது; சன்னலை ஒட்டியிருந்த அவரது இடக்கன்னம் வலக்கன்னத்தைவிட மிக முதிர்ந்து, தடித்து, ஆழச் சுருங்கியிருந்தது. மலேசியாவில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் இருப்பதால், துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநருக்கு அதே மாற்றம் வலக்கன்னத்திலும் வலக்கையிலும் தோன்றும். வலக்கன்னத்து மங்கு, அதாவது கருந்திட்டு, இடக்கன்னத்தினும் அடர்ந்திருக்கிறதா என்று ஓட்டுநர் ஒருவர் நல்ல வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டால், கண்ணாடிக்குள்ளும் வெயில்காப்பு தேவை என்பதற்கு வேறு சான்று தேவைப்படாது.

வெயில்காப்புக் களிம்பில், அதாவது சன்ஸ்கிரீனில், எஸ்பிஎஃப் என்ற எண் பி-வகைக் கதிருக்கு உரியது. 30 என்பது அக்கதிரில் ஏறக்குறைய 97 விழுக்காட்டையும் 50 என்பது 98 விழுக்காட்டையும் தடுக்கும். ஏ-வகைக்கு உரிய குறி பிஏ என்ற எழுத்துகளும் அவற்றை அடுத்து வரும் கூட்டல் குறிகளுமாகும். மூன்று அல்லது நான்கு கூட்டல் குறி உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணைவிட முக்கியமானது அளவு. ஆய்வுக்கூடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிக் கணிக்கப்பட்ட எண் அது. பயன்படுத்துவோர் பெரும்பாலும் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் உரிய அளவு கிடைக்கும். வெளியில் வேலை செய்வோர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்வையை ஒற்றி எடுத்துவிட்டு மீண்டும் பூச வேண்டும்.

கருநிறச் சருமத்துக்கு மேலும் ஒரு விவரம் முக்கியம். நான்காம் வகை முதல் ஆறாம் வகை வரையான சருமத்தில், கண்ணுக்குப் புலப்படும் சாதாரண ஒளியும் நீடித்த கருமையை உண்டாக்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நிறமற்ற வெயில்காப்பு அந்த ஒளியைத் தடுக்காது, இரும்பு ஆக்சைடு கலந்து பழுப்புச் சாயலூட்டப்பட்டது தடுக்கும். மங்கு உள்ளவர்கள் இந்தச் சாயலூட்டிய வகையைத் தேடி வாங்குவது நன்று. துத்தநாக ஆக்சைடு வகைகள் மாநிறத்தில் சாம்பல் பூத்தாற்போல் தெரிவதாலேயே பலர் வெயில்காப்பைக் கைவிடுகின்றனர். சாயலூட்டிய வகை அந்தக் குறையையும் நீக்கிவிடும். குடையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் செலவின்றி வேலை செய்பவை என்பதால் அவற்றை எந்தக் களிம்புக்கும் கீழாக வைக்க வேண்டியதில்லை.

கழுவுதலும் வீட்டுப் பொருள்களும்

ஆரோக்கியமான முகச்சருமம் சற்றே அமிலத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு 5-ஐ ஒட்டியிருக்கும். வழக்கமான சோப்புக் கட்டியின் அளவோ 9 முதல் 10 வரை. காரத்தன்மை மிகுந்த சோப்பு, செல்களுக்கு இடையே உள்ள கொழுப்பைக் கரைத்து, நீரைப் பிடித்துவைக்கும் அரணைத் தளர்த்திவிடுகிறது. முகம் இறுகி ‘சுத்தமான’ உணர்வு கிடைப்பது உண்மையில் அந்த அரண் கெட்டதன் அறிகுறி. பிஎச் 5.5 என்று குறிக்கப்பட்ட மிதமான முகக்கழுவியைக் காலையும் மாலையும் பயன்படுத்தினால் போதும். வியர்த்த இடைவேளைகளில் வெறும் தண்ணீரே தகும். நாருள்ள துணி, வாதுமை ஓடு கலந்த தேய்ப்பான், பாதக்கல் முதலியன முகத்துக்கு ஆகா.

ஈரக்காற்று உள்ள ஊரில் ஈரப்பதக் களிம்பு எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. வீட்டிலும் வெளியிலும் மட்டும் இருப்பவருக்கு மெல்லிய ஜெல் வகை போதும், சிலருக்கு அதுவும் வேண்டாம். குளிரூட்டிய தொழிற்சாலைக் கூடத்திலோ அலுவலகத்திலோ இருப்பவருக்கும், பரு மருந்து பூசுபவருக்கும் கிளிசரின், செராமைடு ஆகியவை உள்ள களிம்பு தேவை. அது இல்லாவிட்டால் மருந்தே எரிச்சலாகி மறுபடியும் கறையில் முடியும்.

வீட்டுப் பொருள்களைப் பற்றித் தயக்கமின்றிப் பேச வேண்டியுள்ளது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பது முடிக்கு நல்லது. அதே எண்ணெய் வியர்வையோடு நெற்றியில் வழிந்து மயிர்க்கால்களை அடைப்பதால் நெற்றி மேட்டிலும் கன்னப்பொறியிலும் நுண்ணிய பருக்கள் வரிசையாகத் தோன்றும். இதைத் தலைப்பூச்சுப் பரு என்று மருத்துவ நூல்கள் 1970 முதல் குறித்துவருகின்றன. எண்ணெயை இரவில் வைத்து, காலையில் தலையையும் நெற்றியையும் கழுவிவிடுபவருக்கு இத்தொல்லை பெரிதும் குறையும். எலுமிச்சைச் சாற்றின் அமிலம் முகத்துக்கு மிகக் கடுமையானது. அதோடு சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் அதிலுள்ள ஒரு வேதிப்பொருள் ஒளியோடு வினைபுரிந்து கொப்புளத்தையும், பின் மாதக்கணக்கில் நிலைக்கும் கருங்கறையையும் உண்டாக்கும். மஞ்சள் பெரும்பாலோருக்குத் தீங்கற்றது, சிலருக்கு ஒவ்வாமை தரும். பற்பசையைப் பருவின் மேல் வைப்பது வெறும் எரிச்சல்.

ஒட்டுப்பொட்டின் பசையில் சேர்க்கப்படும் ஒருவகை ஃபீனால் சேர்மம் நிறமிச் செல்களையே அழிக்கக்கூடியது. பொட்டு வைக்கும் அதே வட்டத்தில் வெண்ணிறம் தோன்றினால் ஒட்டுப்பொட்டை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைக் காண வேண்டும். நெற்றியிலும் காது ஓரத்திலும் சாம்பல் கருமை படர்ந்தால் தலைச்சாயத்தையும் வாசனைத் திரவியத்தையும் சந்தேகிக்க வேண்டும். புதிய பொருள் எதுவாயினும் முழங்கை மடிப்பில் ஒரு வாரம் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுவருவது நல்லது.

பரு

பரு என்பது அழுக்கின் விளைவன்று. எண்ணெய்ச் சுரப்பி மிகுதியாகச் சுரத்தல், மயிர்க்கால் வாய் அடைபடுதல், அங்கு வாழும் நுண்ணுயிர் பெருகுதல், உடல் அதற்கு எதிராக அழற்சியைக் காட்டுதல் ஆகிய நான்கும் சேர்ந்தே அது உருவாகிறது. பென்சாயில் பெராக்சைடு என்னும் மருந்து நுண்ணுயிரைக் கட்டுப்படுத்தும், அதில் 2.5 விழுக்காடு உள்ளதும் 10 விழுக்காடு உள்ளதும் பருவைக் குறைப்பதில் ஏறக்குறைய ஒன்றே, எரிச்சலில்தான் பெரிய வேறுபாடு. கறைபடியும் சருமத்துக்குக் குறைந்த வீரியமே பொருத்தம் என்பதை வலியுறுத்த வேண்டும். கடையில் அதிக எண் உள்ள குழாயை எடுப்பது பலரின் வழக்கம். அடைப்பை நீக்கும் அடாப்பலீன் போன்ற மருந்துகளை மருத்துவரோ மருந்தாளரோ சொன்னபடி, பட்டாணி அளவு எடுத்து, இரவில், முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசத் தொடங்க வேண்டும். முதல் சில வாரங்களில் பரு கூடுவதுபோல் தோன்றலாம். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுத்த பிறகே பயனை மதிப்பிட முடியும். கருவுற்றவர்கள் இம்மருந்தைத் தவிர்க்க வேண்டும். பருவுக்கும் கறைக்கும் சேர்த்து உதவும் அசிலாயிக் அமிலம் அவர்களுக்கு உரிய மாற்றாக மருத்துவர்களால் கருதப்படுகிறது.

வியர்வை மிகுந்த ஊரில் பருபோல் தோன்றும் வேறொன்றும் உண்டு. நெற்றி, தாடை ஓரம், மார்பு, முதுகு ஆகிய இடங்களில் எல்லாம் ஒரே அளவான சிறு கொப்புளங்களாகத் தோன்றி அரிக்குமானால், அது மயிர்க்காலில் பெருகும் ஒருவகைப் பூஞ்சையால் வந்ததாக இருக்கலாம். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையால் அது கூடும், பூஞ்சைக்கொல்லி மருந்தால் அடங்கும். அரிப்பு உண்டா என்ற ஒரு கேள்வி இங்கே மருந்தையே மாற்றிவிடுகிறது.

சுருள்முடி உள்ள ஆண்கள் ஒட்ட மழிக்கும்போது முடி நுனி மீண்டும் தோலுக்குள் நுழைந்து தாடையில் முடிச்சுகளை உண்டாக்குகிறது. பல அலகுகள் கொண்ட சவரக்கத்தியை விட்டு, ஒரு மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும் மின்கருவியைப் பயன்படுத்துவதே அதற்குத் தீர்வு. உணவைப் பொறுத்தவரை, சர்க்கரையை விரைந்து ஏற்றும் உணவுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதற்குச் சான்று ஓரளவு உள்ளது. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கை நாளுக்கு மூன்று குவளை குடிப்பவர் ஒன்றாகக் குறைத்துப் பார்ப்பதில் இழப்பு எதுவுமில்லை.

வெளுப்புக் களிம்புகள்

இந்நூலில் எச்சரிக்கை மிகக் கடுமையாக ஒலிக்க வேண்டிய இடம் இது. இரவுச் சந்தையிலும் சமூக ஊடக விற்பனையிலும் சில கடைகளின் முகப்பிலும், உற்பத்தியாளர் பெயரோ சேர்மானப் பட்டியலோ இல்லாத சிறு டப்பாக்களில் விற்கப்படும் வெளுப்புக் களிம்புகளில் நான்கு பொருள்கள் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்படுகின்றன: பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு. மலேசியாவின் தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை முகமை இப்பொருள்கள் இருந்த ஒப்பனைப் பொருள்களின் அறிவிக்கையை ரத்துசெய்து, பெயர்களை அவ்வப்போது வெளியிட்டுவருகிறது. ஜார்ஜ்டவுனில் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் பாதரசக் களிம்புகளுக்கு எதிராக நெடுங்காலமாகக் குரல் எழுப்பிவருகிறது.

பாதரசம் நிறமி உருவாவதைத் தடுப்பதால் இரண்டு மூன்று வாரங்களில் முகம் வெளுக்கிறது. இந்த வேகமே ஐயத்தை எழுப்ப வேண்டும். முறையான மருந்து எதுவும் அவ்வளவு விரைவில் வெளுக்கச் செய்யாது. தோல் வழியாக உட்சென்ற பாதரசம் சிறுநீரகத்தில் சேர்ந்து, அதன் வடிகட்டியைக் கெடுத்து, புரதத்தை ஒழுகவிடுகிறது. நுரைத்த சிறுநீரும், காலையில் கண்ணிமைகளிலும் பின்னர் கால்களிலும் காணும் வீக்கமும் அதன் முதல் அறிகுறிகள். கேரளத்தின் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரகவியல் மருத்துவர்கள் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே இவ்வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தபோது, 15 பேரிடம் ஒரு குறிப்பிட்ட புரதக் குறியீடு காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல் மனநிலை போன்ற நரம்புக் கேடுகளும் பாதரசத்தால் வரும். பூசியவரோடு கேடு நிற்பதில்லை: பாதரசம் ஆவியாகும், துண்டிலும் தலையணையிலும் ஒட்டும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் வர்ஜீனியாவிலும் 2010-இல் நடந்த விசாரணையில், களிம்பைத் தொடாத குடும்பத்தினரின் சிறுநீரிலும் பாதரசம் மிகுந்திருந்தது. 2013-இல் உருவாகி 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை ஒப்பனைப் பொருளில் பாதரசத்தைத் தடைசெய்வதன் காரணம் இதுவே.

டப்பாவைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்குச் சில அடையாளங்கள் கிடைக்கும். தங்கம், வெள்ளி, அலுமினிய நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளும்படி சிட்டையில் எழுதியிருந்தால், பாதரசம் உலோகத்தோடு கலந்துவிடும் என்பதை உற்பத்தியாளர் அறிந்திருக்கிறார் என்று பொருள். கலோமெல், மெர்க்குரி, மெர்க்குரியோ என்ற சொற்கள் எல்லாம் பாதரசத்தையே குறிக்கும். ‘பகல் களிம்பு’, ‘இரவுக் களிம்பு’ என இரண்டு பெயரற்ற டப்பாக்களைச் சோப்போடு சேர்த்துப் பொட்டலமாக விற்பதும் ஓர் அடையாளம்.

ஸ்டீராய்டு கலந்த களிம்பின் கேடு வேறுவிதம். முதலில் பரு அடங்கி முகம் வழவழப்பாகும். சில மாதங்களில் தோல் மெலிந்து, சிவந்த இரத்தக்குழாய் இழைகள் தெரிந்து, முடி வளர்ந்து, நிறுத்திய சில நாள்களிலேயே எரிச்சலும் பருவும் பொங்கியெழும். அதற்கு அஞ்சி மீண்டும் பூசுவதால் சருமம் அக்களிம்புக்கு அடிமையாகிறது. இந்தியாவில் இந்நிலை பரவியதால் சரும மருத்துவர்கள் இதற்குத் தனிப்பெயரே வைத்தனர். 2018-இல் அங்கு பல ஸ்டீராய்டுக் களிம்புகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலுக்கு மாற்றப்பட்டன. மாதக்கணக்கில் பூசியவர் தாமாகச் சட்டென நிறுத்தாமல் மருத்துவர் துணையோடு விலகுவதே பாதுகாப்பு. ஹைட்ரோகுவினோன் மருத்துவர் கண்காணிப்பில் சில மாதங்கள் மட்டும் பயன்பட்டால் மங்குக்கு நல்ல மருந்து. ஆண்டுக்கணக்கில் பூசினால் கன்னத்தில் நீலங்கலந்த கருமை படிந்து, அது எந்தச் சிகிச்சைக்கும் எளிதில் இணங்காது. மலேசியாவில் இதுவும் டிரெட்டினோயினும் நச்சுப்பொருள் சட்டம் 1952-இன் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டவை.

சட்டப்படி விற்கப்படும் ஒப்பனைப் பொருளுக்கு என்-ஓ-டி என்ற மூன்று ரோமன் எழுத்துகளில் தொடங்கி, எண்களுக்குப் பின் கே என்ற எழுத்தில் முடியும் அறிவிக்கை எண் இருக்கும். மருந்தியல் ஒழுங்குமுறை முகமையின் இணையதளத்தில் அந்த எண்ணையோ பொருளின் பெயரையோ இட்டுச் சரிபார்க்கலாம். மருந்துகளுக்குரிய எண் எம்-ஏ-எல் என்று தொடங்கும். ஆனால் அறிவிக்கை எண் என்பது அரசு சோதித்து அளித்த நற்சான்று அன்று. விற்பனைக்கு முன் நிறுவனம் தானே அளிக்கும் உறுதிமொழியின் பதிவு அது, சோதனை சந்தைக்கு வந்த பின்னரே நடக்கிறது. எண் இல்லாததை நிராகரிக்கலாம், எண் இருப்பதாலேயே நம்பிவிட முடியாது.

இந்த வெளுப்பு மோகத்துக்கு எதிராகச் சென்னையில் 2009-இல் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு கருமையும் அழகே என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2020-இல் இந்தியாவின் மிகப் பெரிய வெளுப்புக் களிம்பு தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறித்த சொல்லை நீக்கிக்கொண்டது. பாகான் டாலாமின் திருமணப் பேச்சுகளிலும் உறவினர் விசாரிப்புகளிலும் இம்மாற்றம் இன்னும் வந்துசேரவில்லை என்பது வருந்தத்தக்கது. பதின்மூன்று வயதுச் சிறுமியிடம் ‘ஏன் இவ்வளவு கறுத்துவிட்டாய்’ என்று கேட்கும் அத்தையும் பெரியம்மாவும், அந்தப் பெயரற்ற டப்பாவுக்கு வாடிக்கையாளரை உருவாக்குகின்றனர்.

கழுவினால் போகாத கருமை

கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும், அவற்றோடு நெற்றி ஓரத்திலும் கன்னப்பொறியிலும் கன்ன எலும்பின் மேலும் வெல்வெட்டுத் துணிபோல் தடித்துப் படரும் கருமையை அழுக்கு என்று தேய்க்கும் குடும்பங்கள் பல. இது பெரும்பாலும் இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காததன் வெளித்தோற்றம். நீரிழிவுக்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றக்கூடியது. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும், இந்தியரில் 31.4 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. ஆகவே இக்கருமை கண்ட தமிழர் ஒருவர் முதலில் நாட வேண்டியது அழகு நிலையத்தை அன்று, இரத்தச் சர்க்கரைச் சோதனையை. எடை குறைந்து சர்க்கரை கட்டுக்குள் வரும்போது கருமையும் மெல்ல மங்கும். களிம்பு அதற்குத் துணை மட்டுமே.

வேறு சில அடையாளங்களும் தாமதம் தாங்காதவை. மூக்கின் மேலும் இரு கன்னத்திலும் பட்டாம்பூச்சி வடிவில் சிவந்த தடிப்பும் மூட்டு வலியும் சேர்ந்து வந்தால் லூப்பஸ் என்னும் நோய் இருக்கலாம். வெளிறிய தேமலில் தொடு உணர்வு குறைந்திருந்தால் தொழுநோய்ச் சோதனை தேவை. மாதவிடாய் ஒழுங்கின்மையோடு தாடையில் பருவும் முடியும் கூடினால் சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கலை ஆராய வேண்டும்.

மருத்துவரை எங்கே, எப்படிக் காண்பது

அரசுச் சுகாதார நிலையத்தில் மலேசியக் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து கடிதம் பெற்று ஜார்ஜ்டவுனின் பினாங்கு மருத்துவமனைச் சருமப் பிரிவுக்குச் செல்பவருக்குச் சிறப்பு மருத்துவக் கட்டணம் 5 ரிங்கிட். இவ்வளவு குறைந்த செலவில் கிடைக்கும் ஆலோசனையை விட்டுவிட்டு முன்னூறு, நானூறு ரிங்கிட்டுக்குப் பொட்டலக் களிம்பு வாங்குவோர் உள்ளதால் இத்தொகைகளை இங்கே குறிப்பிட வேண்டியதாயிற்று. தனியார் மருத்துவரை நாடுவோர், அவர் பெயர் தேசியச் சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் சருமவியல் பிரிவில் உள்ளதா என்று பார்க்கலாம். அழகு நிலையப் பணியாளர் ஊசி போடுவதும், குளூட்டாதயோன் ஏற்றுவதும், மருத்துவ லேசர் பயன்படுத்துவதும் சட்டத்துக்குப் புறம்பானவை. கருநிறத்தில் தவறான லேசர் வெந்த தழும்பையே விட்டுச்செல்லும்.

சந்திப்புக்குச் செல்லும் நாளில் முகத்தில் பவுடரோ ஒப்பனையோ இருக்கக் கூடாது. இதுவரை பூசிய ஒவ்வொரு பொருளையும், பெயரற்ற டப்பாவையும், காலியான குழாயையும், பாட்டி வைத்தியப் பொடியையும் ஒரு பையில் போட்டு எடுத்துச்செல்ல வேண்டும். வெட்கத்தால் மறைக்கப்படும் டப்பாவிலேயே நோய்க்கான விடை பெரும்பாலும் இருக்கும். ஆறு மாதத்துக்கு முந்தைய நிழற்படங்கள் கைப்பேசியில் இருந்தால் அவற்றையும் காட்டலாம். வெளுப்புக் களிம்பு பூசியவர், சிறுநீரில் புரதம் உள்ளதா எனப் பார்க்கும்படி தாமே கேட்க வேண்டும். பாதரசம் ஐயத்துக்குரியதானால் அதே வீட்டில் உறங்கும் குழந்தைகளையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். அந்த டப்பாவைக் குப்பையில் எறியாமல் மூடி, பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவிடம் ஒப்படைத்து, வாங்கிய இடத்தையும் விலையையும் எழுதிக் கொடுத்தால் ஆய்வுக்கு அதுவே மாதிரியாகும்.